முதல் உறை

போன சித்திரையில் ஒருநாள் ராத்திரி, அம்மா அடுப்படியில் பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தபோது, நாலாவது படிக்கும் என் மகள் பக்கத்தில் நின்று கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பித்தது இது.

"அப்பத்தா, இந்த உறைமோரு எங்கருந்து வந்துச்சு?"

"நேத்துத் தயிர்லருந்து."

"நேத்துத் தயிரு?"

"முந்தாநாத்துத் தயிர்லருந்து."

இப்படியே நாலைந்து நாள் பின்னால் போனவள், அம்மா அலுத்துப்போய் நிறுத்தியதும் விடாமல் கேட்டாள். "அப்ப முதமுதல்ல உறை ஊத்துனவங்களுக்கு உறை யாரு குடுத்தா?"

"எதுத்த வீட்டுல வாங்கிருப்பாக தாயி."

"எதுத்த வீட்டுக்கு?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன், ஆனால் திருமங்கலத்தில் பி.வி.சி. குழாயும் தண்ணி மோட்டாரும் விற்கிறவன். இந்த இரண்டில் முதலாவது எப்போதாவது உதவும் என்று வீட்டில் யாருக்கும் நம்பிக்கை கிடையாது. எனக்கும்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் இதையே வேறு மாதிரி கல்லூரியில் நான் ஒரு ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். உயிரணுவிலிருந்துதான் உயிரணு வரும் என்றால் முதல் உயிரணு எதிலிருந்து வந்தது சார் என்று. "சிலபஸ்ல இல்லாததக் கேட்காத" என்று உட்காரச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தேதான் இருந்திருக்கிறேன்.

அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. "உறையே இல்லாட்டி என்ன, வெதுவெதுப்பான பால்ல வரமிளகாக் காம்பு நாலு கிள்ளிப் போட்டா மறுநாள் உறைஞ்சிரும். எங்க ஆத்தா அப்படித்தேன் செய்யும்." மகளுக்கு ஒரே சந்தோஷம். மிளகாய்க் காம்பிலிருந்து தயிர்! கேள்வி முடிந்துவிட்டது அவளுக்கு. எனக்கு முடியவில்லை.

மிளகாய்க் காம்பு தயிரை உண்டாக்குவதில்லை. செடியின் மேல், காம்பின் மேல், நம் விரல் மேல் எல்லாம் பாலைப் புளிக்கவைக்கிற கிருமிகள் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பாலில் விழுந்ததும் பெருகுகின்றன, அவ்வளவுதான். பால் புளிப்பதற்குக் காரணம் உயிருள்ள நுண்ணுயிர்தான் என்று 1857-லேயே லூயி பாஸ்டர் எழுதிவிட்டார். அதற்கு அடுத்த சில வருஷங்களில் அவர் செய்த அன்னக் கழுத்துக் குடுவைச் சோதனை பள்ளிக்கூடப் பாடத்திலேயே வரும். சாறைக் கொதிக்கவைத்து, காற்று போகலாம் ஆனால் தூசி போக முடியாது என்கிற மாதிரி வளைந்த கழுத்துள்ள குடுவையில் வைத்தால் அது கெடுவதே இல்லை. கழுத்தை உடைத்தால் கெட்டுப்போகிறது. எங்கள் வீட்டு மிளகாய்க் காம்பு அந்த உடைந்த கழுத்து. வெளியிலிருந்து உறையைக் கொண்டுவந்து போடுகிற இன்னொரு கை. அதாவது எதிர்த்த வீடு.

ஆக பாஸ்டர் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் மகள் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். தயிர்ப் பாக்டீரியா ஒவ்வொன்றும் இன்னொரு பாக்டீரியா இரண்டாகப் பிரிந்து வந்தது. எவ்வளவு தூரம் போகலாம்? கீழடிக்கு 2,600 வருஷம் என்றால் நமக்கெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. ஆஸ்திரேலியாவின் பில்பராவில் நுண்ணுயிர்ப் படலங்கள் விட்டுப்போன பாறை அடுக்குகளுக்கு 348 கோடி வருஷம். இன்றைக்கு இருக்கும் எல்லா உயிருக்கும் பொதுவான மூதாதை 420 கோடி வருஷத்துக்கு முன்னால் இருந்திருக்கலாம் என்று 2024-ல் ஒரு கணக்கு வந்தது. இது கீழடியைப் போலப் பதினைந்து லட்சம் மடங்குக்கும் மேல். பூமிக்கே 454 கோடி வயதுதான். அந்த இடைவெளிக்குள் எங்கேயோ, உறை இல்லாமலே ஒருதடவை உறைந்திருக்கிறது.

இதற்கு அப்புறம் கடை மூடிய பின் ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் படித்ததெல்லாம் இந்த ஒரு தடவையைப் பற்றித்தான்.

சார்லஸ் டார்வின் தன் நண்பர் ஹூக்கருக்கு 1871-ல் ஒரு கடிதம் எழுதுகிறார். ஒரு சின்ன வெதுவெதுப்பான குட்டை, அதில் அமோனியா, பாஸ்பேட் உப்புகள், வெளிச்சம், சூடு, மின்சாரம் எல்லாம் இருந்து ஒரு புரதப் பொருள் தானாக உண்டானால் என்று ஒரு 'ஆனால்' போட்டு யோசிக்கிறார். அதே கடிதத்திலேயே, இன்றைக்கு அப்படி ஒன்று உண்டானால் உடனே ஏதாவது உயிர் அதைத் தின்றுவிடும் என்றும் சொல்லிவிடுகிறார். 'அப்படின்னா இப்ப ஏன் புதுசா உயிர் வரலை?' என்று என் கடைக்கு வரும் நண்பர் ஒருவர் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். காலியிடம் இல்லை, அதனால் வரவில்லை.

டார்வினின் குட்டையை விட்டுவிட்டு அடுத்து வந்தவர்கள் கடலுக்குப் போய்விட்டார்கள். ரஷ்யாவில் ஓபரின் 1924-ல் உயிரின் தோற்றத்தைப் பற்றி எழுதினார். 1929-ல் இங்கிலாந்தில் ஜே.பி.எஸ். ஹால்டேன், ஆதிக்கடலே ஒரு சூடான நீர்த்த சூப்பு மாதிரி இருந்திருக்கும் என்றார். இந்த ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் இறந்தவர் என்பது எனக்குப் பிடித்த தகவல். அவர் சொன்ன சூப்பை நம் வீட்டு ரசம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடலளவு தண்ணீருக்கு எத்தனை புளி கரைத்தால் ரசமாகும்? இதற்குப் பின்னால் வருகிறேன்.

சாமான்கள் கிடைப்பது கஷ்டமே இல்லை என்று காட்டியவர் ஸ்டான்லி மில்லர். 1952-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 22 வயது ஆராய்ச்சி மாணவர். வழிகாட்டி ஹரால்ட் யூரே, ஏற்கெனவே நோபல் வாங்கியவர். குடுவையில் தண்ணீர், அதற்கு மேல் மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன். தண்ணீர் கொதித்து ஆவி மேலே போகும், அங்கே மின்பொறி அடித்துக்கொண்டே இருக்கும், குளிர்ந்து திரும்பக் கீழே வரும். முதல் நாளே தண்ணீர் இளஞ்சிவப்பானது, ஒரு வாரத்தில் கருஞ்சிவப்பாகக் கலங்கிவிட்டது. அதில் புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள், கிளைசின், அலனின் போன்றவை இருந்தன. 1953 மே மாதம் கட்டுரை வந்தபோது யூரே தன் பெயரை எடுத்துவிட்டார், தன் பெயர் இருந்தால் பையனுக்குப் பேர் கிடைக்காது என்று. இப்படி ஒரு சார் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

மில்லர் அந்த அமினோ அமிலங்களைக் கண்டுபிடித்த விதம் படித்தபோது எனக்கு விரல் நுனி கூசியது. வடிதாளில் ஒரு சொட்டு வைத்து, கரைப்பானில் ஏறவிட்டு, நின்ஹைட்ரின் தெளித்துச் சூடுகாட்டினால் அமினோ அமிலம் இருக்கிற இடம் ஊதாவாகும். இதை நாங்களும் ஆய்வகத்தில் செய்தோம். என் விரலில் பட்ட ஊதாக் கறை மூன்று நாள் போகவில்லை, அம்மா பேனா மை என்று நினைத்துத் திட்டினார். அதே கறைதான் உயிரின் தோற்றத்தைப் பற்றிய முதல் ஆய்வகச் சாட்சி என்று அந்த வகுப்பில் யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால்... சரி, விடுங்கள்.

ஆதிகால வளிமண்டலம் மில்லர் நினைத்த மாதிரி மீத்தேனும் அமோனியாவுமாக இருந்திருக்காது, பெரும்பாலும் கரியமில வாயுவும் நைட்ரஜனும்தான் என்று பின்னால் பலரும் சொன்னார்கள். அதில் மின்பொறி அடித்தால் விளைச்சல் குறைவு. ஆனால் சாமான் வருகிற வழி அது ஒன்று மட்டும் இல்லை.

எங்கள் ஊர்ப்பக்கம், டி. கல்லுப்பட்டிக்குப் போகிற வழியில் உள்ள கரிசல் காட்டில், இளஞ்சோளப் பயிருக்குள் ஆடு புகுந்துவிட்டால் வீடே பதறும். மழையில்லாமல் வாடிய சோளக் குருத்தை மேய்ந்தால் மாடே வயிறு உப்பி விழுந்துவிடும். அந்தக் குருத்திலிருந்து வெளிவருவது ஹைட்ரஜன் சயனைடு. அதே நஞ்சை அமோனியாவோடு தண்ணீரில் சேர்த்துச் சூடாக்கினால் அடினைன் கிடைக்கிறது என்று 1960-ல் கண்டுபிடித்தவர் ஜுவான் ஓரோ. ஐந்து சயனைடு மூலக்கூறு சேர்ந்தால் ஒரு அடினைன், கணக்கு அவ்வளவு சுத்தம். உயிரின் செய்தி எழுதப்பட்டிருக்கிற சரங்களான டி.என்.ஏ.விலும் ஆர்.என்.ஏ.விலும் தலா நான்கு எழுத்துகள், அவற்றில் ஒரு எழுத்து அது. ஆட்டைக் கொல்கிற பொருளிலிருந்து ஆட்டை எழுதிய எழுத்து வருகிறது. (இதை மகளிடம் சொன்னபோது அவளுக்கு ஆட்டின் மேல்தான் கவலை.)

வானத்திலிருந்தும் வந்திருக்கிறது. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலம் இருப்பதை 1970-ல் நாசாவில் காட்டிய குழுவில் இருந்தவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலி நகரில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு அப்புறம் லண்டனுக்குப் போய் வேதியியல் படித்தவர். தத்துவத்தில் தொடங்கி விண்கல்லைப் பொடித்துக் கரைக்கிற வேலைக்கு வந்த மனிதர். அமினோ அமிலங்களுக்குக் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு, விண்கல்லில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. நம் உடம்பில் இருப்பது இடக்கை மட்டும், அதனால் தொட்டவர் கையிலிருந்து ஒட்டியதல்ல அது என்று தெரிந்தது. போன வருஷங்களில் இன்னும் பெரிய செய்தி. பெண்ணு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பர் 24 அன்று நாசா விண்கலம் கொண்டுவந்து போட்ட மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-உம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் சேர்த்து மொத்தமுள்ள ஐந்து எழுத்துகளும் இருப்பதாக 2025 ஜனவரியில் சொன்னார்கள். கூடவே, உப்புநீர் வற்றி வற்றிப் படிந்த உப்புகளும் இருந்தன. அதில் ஒன்று சோடா உப்பு. அதைப் படித்தபோது எங்கள் ஊர்க் கண்மாய்தான் ஞாபகம் வந்தது.

சாமான் இருக்கிறது, சமையல் எப்படி? இங்கேதான் கடல் கதை திணறுகிறது என்பது என் அபிப்பிராயம்.

அமினோ அமிலங்கள் கோத்தால் புரதம், எழுத்துகள் கோத்தால் ஆர்.என்.ஏ. ஒவ்வொரு கண்ணியைக் கோக்கும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே போக வேண்டும். சுற்றிலும் தண்ணீராக இருக்கும்போது தண்ணீரை வெளியே தள்ளுவது எப்படி நடக்கும்? வைகாசியில் வைகையில் மணல் மேல் துணி விரித்தால் காயும், ஆற்றுக்குள் விரித்தால் காயுமா? கடலில் கண்ணி கோப்பதைவிடக் கோத்தது அறுவதுதான் சுலபம். போதாததற்கு நான் முன்னால் சொன்ன ரசப் பிரச்சினை. சாமான் இருந்தாலும் ஒன்றை ஒன்று சந்திக்காத அளவுக்கு நீர்த்துக் கிடக்கும்.

வற்றுகிற தண்ணீர் இந்த இரண்டையும் தீர்த்துவிடுகிறது. எங்கள் கண்மாயை மாசியிலிருந்து பார்த்தால் தெரியும். முதலில் கரையோரம் விலகும், அப்புறம் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கும், தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, கஞ்சித்தண்ணி மாதிரி ஆகும், மீனெல்லாம் ஒரே இடத்தில் திமிறும், பொடிசுகள் எல்லாம் சேற்றில் இறங்குவோம். கடைசியில் ஓடு ஓடாக வெடித்த தரை. ஒரு கோடை மழை பெய்தால் வெடிப்பு மூடிக்கொண்டு திரும்ப நனையும், பத்து நாளில் திரும்பக் காயும். ஈரம், காய்ச்சல், ஈரம், காய்ச்சல். இதைத்தான் டேவிட் டீமர் போன்ற ஆராய்ச்சியாளர்கள் உயிர் தோன்றிய இடத்துக்கு வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது எரிமலைப் பக்கத்துச் சுடுநீர்க் குட்டைகளை. காயும்போது கண்ணிகள் கோக்கும், நனையும்போது கலந்து இடம் மாறும். இந்த ஈர, காய்ச்சல் சுற்றுகளை ஆய்வகத்தில் செய்து பார்க்கிறவர்களில் புனேயில் உள்ள ஐசர் என்கிற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கும் சுதா ராஜாமணியும் ஒருவர்.

கரிசலுக்கும் இதில் பங்கு உண்டு. கரிசல் மண் மழையில் உப்பிக் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், கோடையில் கைவிடுகிற அளவுக்கு வெடிக்கும், அதற்குக் காரணமான களிமண் வகைகளில் முக்கியமானது மான்ட்மோரில்லொனைட். தாள் தாளாக அடுக்கிய மாதிரி அமைப்பு, இடையில் தண்ணீர் புகுந்தால் விரியும். ஜேம்ஸ் ஃபெரிஸ் 1996-ல் இந்தக் களிமண்ணின் மேல் ஆர்.என்.ஏ. எழுத்துகளை, வினைக்குத் தயார் செய்து, தினம் கொஞ்சமாக ஊட்டி 40, 50 கண்ணி நீளத்துக்குக் கோக்க வைத்தார். 2003-ல் ஜாக் ஷோஸ்டாக் குழுவினர் இதே களிமண் கொழுப்பமிலங்கள் குமிழிகளாகச் சேர்வதையும் பல மடங்கு வேகப்படுத்துகிறது என்று காட்டினார்கள். குமிழி என்றால் உயிரணுவின் தோல் மாதிரி, உள்ளே ஒன்றைப் பிடித்துவைக்கிற பை. என் தாத்தா கண்மாய் வண்டலை வண்டி வண்டியாக அள்ளிக் காட்டில் கொட்டியது சோளத்துக்காக. அதில் இவ்வளவு சமாச்சாரம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் போன வருஷம் வரை தெரியாது.

அப்புறம் அந்த சோடா உப்பு. கண்மாய்க்கு மேற்கே ஒரு உவர் நிலம் உண்டு, கோடையில் தரையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். நான் சின்னப் பையனாக இருக்கும்போது துணி வெளுக்கிறவர்கள் அந்த உவர்மண்ணை அள்ளிப்போய் வெள்ளாவி வைப்பார்கள். சோப்பு வாங்கக் காசில்லாத வீடுகளில் அதுதான் சோப்பு. அந்த வெள்ளையில் இருப்பது சோடியம் கார்பனேட். உயிர் தோன்றியதைப் பற்றிய ஆராய்ச்சியில் ரொம்ப நாளாக ஒரு தலைவலி இருந்தது. ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பு பாஸ்பேட், ஆனால் சாதாரணத் தண்ணீரில் பாஸ்பேட்டைக் கால்சியம் பிடித்துக் கல்லாக்கிவிடும். 2020-ல் டோனர், காட்லிங் என்ற இருவர் சொன்னார்கள், சோடா ஏரிகளில் கார்பனேட்டே கால்சியத்தைப் பிடித்து அடியில் தள்ளிவிடுவதால் பாஸ்பேட் விடுதலையாகித் தண்ணீரில் ஏகத்துக்குச் சேர்கிறது என்று. கால்சியம் என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், திருமங்கலத்தில் போர்த்தண்ணி பாய்கிற குழாய் எத்தனை வருஷத்தில் அடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

சொல்லப்போனால் என் தொழில் இன்னொரு இடத்திலும் உதவியது. கொழுப்பமிலக் குமிழி என்பது ஒருவகையில் சோப்புதான், கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிவது மாதிரி இந்தக் குமிழிகளும் கால்சியமோ மக்னீசியமோ இருந்தால் உடைந்து திரிந்துபோகும். ஆனால் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்க மக்னீசியம் இல்லாமல் முடியாது. ஒன்றுக்கு வேண்டியது இன்னொன்றுக்கு எமன். 2013-ல் ஆடமாலாவும் ஷோஸ்டாக்கும் கொஞ்சம் சிட்ரேட் சேர்த்தார்கள், எலுமிச்சையில் இருக்கிற அதே சிட்ரேட். அது மக்னீசியத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வேலையையும் செய்யவிட்டது, குமிழியும் உடையவில்லை. ஆதிபூமியில் அவ்வளவு சிட்ரேட் எங்கே இருந்தது என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

ஆழ்கடலில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன, 1977-ல் கலபகோஸ் பக்கம் முதலில் பார்த்தார்கள். அங்கேதான் உயிர் தொடங்கியது, நகலெடுப்பதற்கு முன்பே சாப்பிடுவதும் செரிப்பதும் மாதிரியான வினைச்சுழற்சிகள் வந்துவிட்டன என்று வாதிடுகிற கட்சியும் பலமாக இருக்கிறது. பாறைத் துளைகளே பையாக இருந்திருக்கும் என்பது நல்ல யோசனை. ஆனால் கடலடியில் காய்ச்சல் கிடையாதே. கண்மாய்க்காரன் புத்தி எனக்கு, காய்ந்து நனைவதை விட்டு வேறு பக்கம் போக மனசு வரவில்லை.

சரி, கண்ணி கோத்தாயிற்று. இன்னும் உறை வரவில்லை. உறை என்றால் தன்னைப்போல் இன்னொன்றைச் செய்துகொள்வது, அதுதான் என் மகள் கேட்டது.

உறை ஊற்றுவதை அப்படியே சோதனைக்குழாயில் செய்தவர் சால் ஸ்பீகல்மன். 1967-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில். கியூபீட்டா என்ற வைரஸின் ஆர்.என்.ஏ., அதை நகலெடுக்கிற நொதி (வினையை முடுக்கிவிடுகிற பொருள்), எழுத்துகள், உப்பு, இவ்வளவுதான் குழாயில். உயிரணு எதுவும் கிடையாது. கொஞ்ச நேரம் விட்டு, அதிலிருந்து ஒரு துளி எடுத்து அடுத்த புதுக் குழாயில் விட்டார். அதிலிருந்து அடுத்தது. 74 தடவை இப்படி உறை மாற்றினார், போகப்போக நேரத்தையும் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசிக் குழாயில் இருந்த ஆர்.என்.ஏ. ஆரம்பத்தில் இருந்ததில் 83 சதவீதத்தைத் தொலைத்துவிட்டிருந்தது! வைரஸாக இருந்து பாக்டீரியாவைத் தாக்குவதற்கான செய்தியெல்லாம் எதற்கு, இங்கேதான் எல்லாம் தயாராகக் கிடைக்கிறதே, வேகமாகப் பெருகினால் போதும். யாரும் சொல்லித்தராமல், மூளையில்லாத, உயிரென்றே சொல்ல முடியாத ஒரு சரம், சுமையை இறக்கிப்போட்டுவிட்டு ஓடக் கற்றுக்கொண்டது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஒரே உறையவே ரொம்ப நாள் ஊத்திக்கிட்டிருந்தா இப்படித்தேன், புளிப்பு மட்டுந்தேன் நிக்கும், ருசி போயிரும். அதான் பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி வாங்கிக் கலக்குறது" என்றார். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஸ்பீகல்மன் சோதனையில் ஓட்டை என்னவென்றால் அந்த நொதி கடன் வாங்கியது, உயிருள்ள ஒன்றிலிருந்து எடுத்த புரதம். புரதம் செய்ய ஆர்.என்.ஏ. வேண்டும், ஆர்.என்.ஏ. செய்யப் புரதம் வேண்டும், அப்போது எது முதல்? 1982-ல் தாமஸ் செக், டெட்ராஹைமினா என்ற ஒற்றை உயிரணு உயிரியில் ஒரு ஆர்.என்.ஏ. தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைப் பார்த்தார். புரதம் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகம், இல்லை. அடுத்த வருஷமே சிட்னி ஆல்ட்மன் நொதி வேலை செய்கிற இன்னொரு ஆர்.என்.ஏ.வைக் காட்டினார். 1989-ல் இருவருக்கும் நோபல். ஏடும் அதுவே, ஏட்டைப் பெயர்த்து எழுதுகிற கையும் அதுவே என்று ஆகிவிட்டது. 1986-ல் வால்ட்டர் கில்பர்ட் இதற்கு ஆர்.என்.ஏ. உலகம் என்று பெயர் வைத்தார்.

ஆர்.என்.ஏ. உலகத்தின் மிச்சம் இன்றைக்கும் இருக்கிறது, தயிரில்கூட இருக்கிறது. எல்லா உயிரணுவிலும் புரதம் செய்கிற இயந்திரம் ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டதற்கு 2009-ல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவர் படம் எடுத்தது எழுத்தைப் படிக்கிற சின்னப் பாதியை. பெரிய பாதியைப் படம் எடுத்த ஸ்டைட்ஸ் குழு 2000-லேயே பார்த்தது, அமினோ அமிலங்களைக் கோக்கிற அந்த நடு இடத்தில் புரதமே இல்லை, ஆர்.என்.ஏ. மட்டும்தான். புரதத் தொழிற்சாலையின் முதலாளி ஆர்.என்.ஏ. ஊர்ப்பெயரில் 'குளம்' இருக்கும், குளம் எப்போதோ தூர்ந்து மேலே பஸ் ஸ்டாண்டு வந்திருக்கும், ஆனாலும் பெயர் சொல்லிக் கொடுத்துவிடும் அல்லவா, அந்த மாதிரி.

புரதம் இல்லாமல் நகல் எடுக்க முடியுமா? 1986-ல் ஜெர்மனியில் குந்தர் ஃபான் கீட்ரோவ்ஸ்கி ஆறு எழுத்து டி.என்.ஏ. ஒன்றைக் குழாயில் விட்டார், அது மூன்று எழுத்துத் துண்டுகள் இரண்டைப் பக்கத்தில் இழுத்துப் பிடித்துத் தன்னைப்போலவே இன்னொரு ஆறாக இணைக்க உதவியது. எந்த நொதியும் இல்லை. தடை என்னவென்றால், பிறந்த பிள்ளை தாயை விட்டுப் போகாது, ஒட்டிக்கொண்டே கிடக்கும், தாயால் அடுத்ததைச் செய்ய முடியாது. அதனால் பெருக்கம் இரண்டு நான்கு எட்டு என்று எகிறாமல் நொண்டியது. பிரித்துவிட ஏதாவது வேண்டும். சூடு பிரிக்கும். பகலில் கொதிக்கிற குட்டை, ராத்திரியில் ஆறுகிற குட்டை, திரும்ப அங்கேதான் வந்து நிற்கிறோம்.

2009-ல் ட்ரேசி லிங்கனும் ஜெரால்ட் ஜாய்ஸும் செய்தது அதைவிட அழகு. இரண்டு ஆர்.என்.ஏ. நொதிகள். முதலாவது இரண்டாவதைச் செய்யும், இரண்டாவது முதலாவதைச் செய்யும். எதிர்த்த வீடும் எங்கள் வீடும் மாதிரி! கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தில் இரட்டிக்கும், தீனி போட்டுக்கொண்டே இருந்தால் நிற்காது. வேறு வேறு வகைகளைக் கலந்து விட்டபோது ஆரம்பத்தில் இல்லாத கலப்புகள் ஜெயித்தன. ஆனால் தீனி பாதி சமைத்தது, நீளமான துண்டுகளாக மனிதர்கள் செய்து கொடுத்தது. தனி எழுத்துகளிலிருந்து தன்னை முழுசாக எழுதிக்கொள்கிற ஆர்.என்.ஏ.தான் எல்லோரும் தேடுவது. 2024-ல் ஜாய்ஸ் குழு, ஒரு ஆர்.என்.ஏ. இன்னொரு சிறிய ஆர்.என்.ஏ. நொதியை வேலை கெடாமல் பல தலைமுறை நகலெடுக்கிற அளவுக்குத் துல்லியத்தைக் கொண்டுவந்துவிட்டது.

துல்லியம் ஏன் முக்கியம் என்பதற்கு, பழைய ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். எழுதுகிறவர் கை தவறினால் பாடபேதம். ஒரு பாட்டுக்கு ஒரு பாடபேதம் என்றால் சமாளிக்கலாம், சில சமயம் மாறியது மூலத்தைவிட நன்றாகக்கூட இருக்கும். அடிக்கு ஒன்று என்றால் நாலு தலைமுறையில் பாட்டே இருக்காது. மான்ஃப்ரெட் ஐகன் 1971-ல் இதைக் கணக்காகப் போட்டார், நூற்றுக்கு ஒரு பிழை செய்கிற கை ஏறக்குறைய நூறு எழுத்துக்கு மேல் காப்பாற்ற முடியாது. நல்ல கை வேண்டுமானால் நீளமான ஏடு வேண்டும், நீளமான ஏட்டைக் காப்பாற்ற நல்ல கை வேண்டும். இந்த முடிச்சு இன்னும் முழுசாக அவிழவில்லை. அவிழ்ந்தது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள், அவிழவே அவிழாது என்று அனுப்பினாலும்.

மகளுக்கு இவ்வளவையும் சொல்ல முடியுமா? முயன்றேன். முதல் உறை தயிராகவே இருந்திருக்காது பாப்பா, தன்னை மாதிரி இன்னொன்றைத் தப்பும் தவறுமாகச் செய்துகொள்கிற ஏதோ ஒரு பிசுக்கு, காய்கிற குட்டை ஓரத்தில், என்றேன். "அப்ப அது உயிரா இல்லையா?" என்றாள். எந்த மணி நேரத்தில் பால் தயிராகிறது என்று பதிலுக்குக் கேட்டேன். அவள் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு, மறுநாள் லீவு என்பதால், காய்ச்சி ஆற்றிய பாலில் நாலு வரமிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு, மூடிவைத்து, மணிக்கு ஒருதரம் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படித் திறந்தால் உறையாது என்று அம்மா மூன்று தடவை கையைத் தட்டிவிட்டார்.

மறுநாள் காலையிலும் பாலாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் கிண்ணத்தைச் சாய்த்தால் ஓரத்தில் தயங்கி வந்தது. ராத்திரி பார்த்தபோது கட்டியாகவும் இல்லாமல் தண்ணியாகவும் இல்லாமல், நூல் பிடித்த மாதிரி ஒரு கொழகொழப்பு, லேசாகக் காரமான ஒரு வாடை. கரண்டியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனவளை அம்மா தடுத்தார்.

"இத யாரும் திங்கிறதில்ல தாயி. இதுல ஒரு கரண்டி எடுத்து நாளைக்குப் பால்ல ஊத்து. அதுதேன் தயிரு."